உண்ண மறுக்கும் ஆண்பிள்ளைகள்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

  

இத்தகைய மேடைகளில் கல்வி, வேலைவாய்ப்பு, இட ஒதுக்கீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவற்றைப் பேசத் தகுதி மிக்கோர் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சோறு கிடைக்காத பிள்ளையைப் பற்றி நம் சமுதாயம் ஆயிரம் மேடைகளில் பேசியிருக்கிறது. தட்டில் சோறு இருந்தும் உண்ண மாட்டாத பிள்ளையைப் பற்றி நாம் பேசியதில்லை. அப்பிள்ளை ஆண்பிள்ளையாக இருந்துவிட்டால் அவனைப் பற்றி நினைத்தும் பார்த்ததில்லை.

"இப்படியும் ஒரு நோய் உண்டா? அதுவும் நம் வீடுகளிலா?" என்று சிலர் நகைக்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்பு நாமும் அவ்வாறே நகைத்திருப்போம். அந்த அறியாமையால் நாம் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுவதே முறை. அம்மாணவனிடமும் அவன் தாயாரிடமும் ஒப்புதல் பெற்றே இதனைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம்.

கொரோனாத் தொற்றுக் காலத்தில் மூடப்பட்டிருந்த பள்ளிகள் 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் திறக்கப்பட்டபோது, பிள்ளைகளில் சிலர் உடல் பெருத்துத் திரும்பி வந்தனர். நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு பயின்ற அம்மாணவனும் அவர்களுள் ஒருவன். நம் சமுதாயத்துப் பிள்ளை, தந்தை இல்லை, தாயார் கட்டட வேலைக்குச் செல்பவர். அவ்வாண்டு இறுதியில் நடந்த ஆண்டு விழா நகைச்சுவை நாடகத்தில் அவனுக்குச் 'சாப்பாட்டு ராமன்' வேடம் தரப்பட்டது. வேடத்தைத் தேர்ந்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. அவை சிரித்தது. நாமும் முன்வரிசையில் அமர்ந்து சிரித்தோம். நாடகம் அன்றோடு முடிந்தது, பெயர் முடியவில்லை. வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் தெருவிலும் அதுவே அவன் பெயராயிற்று.

ஒன்பதாம் வகுப்பில் அவன் மெலியத் தொடங்கினான். காலையும் மாலையும் ஏரிக்கரையில் ஓடினான். சத்துணவில் தனக்குரிய முட்டையை நாள்தோறும் ஆறாம் வகுப்புச் சிறுவர்களுக்குக் கொடுத்துவிட்டான். சத்துணவு அமைப்பாளர் அதனை நம்மிடம் வியந்து சொன்னார். நாம் என்ன செய்தோம்? காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை முன்னே அழைத்து, "தன் பங்கைப் பிறர்க்கு ஈயும் இவனைப் பாருங்கள், உழைத்து உடலைக் கட்டுக்குள் கொண்டுவந்த இவனைப் பாருங்கள்" என்று பாராட்டினோம். மாணவர்கள் கை தட்டினர். அவன் தலை குனிந்து நின்றான். அதனை அடக்கம் என்று எண்ணிக்கொண்டோம்.

2023 சனவரியில் குடியரசு நாள் அணிவகுப்புக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது அவன் மயங்கி விழுந்தான். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். குடற்புழுவோ என்று ஐயுற்று மாத்திரை தந்தனர். காசநோயோ என்று சளியைச் சோதித்தனர். இல்லை என்று வந்தது. நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 44 இருந்தது. அவன் தாயார் நம் காலில் விழாத குறையாக நின்று, "நான் சோறு போடலைன்னு ஊரே பேசுதுங்க ஐயா. நான் பட்டினி கெடந்தாலும் இவனைப் பட்டினி போட்டதில்லைங்க ஐயா" என்று அழுதார். அந்த அழுகையே இன்று நம்மை இம்மேடையில் நிறுத்தியிருக்கிறது. மூன்றாம் நாள் வேறொரு மருத்துவர் அவனைத் தனியே அழைத்துப் பேசினார். அதன் பிறகே நோய் இன்னதென்று தெரிந்தது.

அந்நோயை உண்ணல் கோளாறு என்பர். அதில் பல வகை உண்டு. உடல் எவ்வளவு மெலிந்தாலும் பருத்துவிடுவோம் என்ற அச்சத்தால் உணவை ஒதுக்கிக்கொண்டே செல்வது ஒரு வகை. மருத்துவர்கள் இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டுள்ளனர். அடக்க முடியாமல் பெருமளவு உண்டுவிட்டு, பின்னர் அதனை வாந்தியெடுத்தோ பேதி மருந்து தின்றோ அளவிறந்து ஓடியோ கழிக்க முயல்வது இன்னொரு வகை. இதற்குப் புலிமியா என்று பெயர். கழிக்க முயலாமல், வேதனையோடும் வெட்கத்தோடும் மீண்டும் மீண்டும் மிகையாக உண்பது மூன்றாவது வகை. இவை கொழுப்பும் அன்று, திமிரும் அன்று, பேய் பிடித்ததும் அன்று. மனத்தில் தொடங்கி உடலை அரிக்கும் நோய்கள் இவை.

இது பணக்கார வீட்டுப் பெண்பிள்ளைகளின் நோய் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியிருந்தது. ஆனால் வரலாறு வேறு செய்தி சொல்கிறது. இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் என்பார் 1689ஆம் ஆண்டில் காசநோயைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். காசம் இல்லாமலேயே உடல் உருகிப்போன இருவரைப் பற்றி அதில் அவர் குறித்திருக்கிறார். ஒருவர் 18 வயதுப் பெண். மற்றவர் ஒரு பாதிரியாரின் மகன்; வயது 16. அச்சிறுவன் மிகையாகப் படித்ததாலும் மனக் கொந்தளிப்பாலும் பசியற்றுப் போனான் என்று மார்ட்டன் கருதினார். மருந்துகள் பயன் தராதபோது, படிப்பை நிறுத்தி, நாட்டுப்புறத்துக்குச் சென்று, பாலுணவு உண்டு, குதிரையேறி உலவுமாறு அறிவுறுத்தினார். சிறுவன் பெரும்பாலும் நலம் பெற்றான். நம் மாணவனுக்குச் சளிச் சோதனை செய்ததை எண்ணும்போதெல்லாம் அந்தப் பாதிரியார் மகன் நம் நினைவில் வந்து நிற்பான். ஏறத்தாழ 330 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆண்பிள்ளையிடம் கண்டறியப்பட்ட நோயை நாம் காணத் தவறினோம்.

இந்நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை வழங்கியவர் சர் வில்லியம் கல் என்னும் மற்றோர் ஆங்கிலேய மருத்துவர். பெண்களுக்கே உரியதாக அக்காலத்தில் கருதப்பட்ட 'ஹிஸ்டீரியா' என்ற சொல்லை நோயின் பெயரில் சேர்க்க வேண்டாம் என்று 1870களிலேயே அவர் முடிவு செய்தார். ஆண்களுக்கும் இந்நோய் வருகிறது என்பதே அவர் கூறிய காரணம். ஆயினும் பின்வந்தோர் அதனை மறந்தனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் மாதவிடாய் நின்றுபோதல் இந்நோயின் அடையாளங்களுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. வினாத்தாளில் ஒரு பாலார் மட்டுமே விடை எழுதக்கூடிய கட்டாய வினாவை வைத்ததுபோல் ஆயிற்று அது! 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்த அடையாளம் நீக்கப்பட்டது.

எத்தனை ஆண்களுக்கு இந்நோய் வருகிறது என்று கேட்பீர்கள். 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, வாழ்நாளில் என்றேனும் அனோரெக்சியாவுக்கு ஆளானோர் பெண்களில் 0.9 விழுக்காடு, ஆண்களில் 0.3 விழுக்காடு. புலிமியாவில் பெண்கள் 1.5, ஆண்கள் 0.5. மிகையாக உண்ணும் நோயில் பெண்கள் 3.5, ஆண்கள் 2.0. முதல் இரு நோய்களிலும் நால்வரில் ஒருவர் ஆண் என்பது இதன் பொருள். அந்த நான்காமவன் யார் கண்ணிலும் படுவதில்லை.

இளைஞர்களே! சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மஞ்சள் சட்டையை விரும்பி அணிபவர்கள் நீங்கள். 2009ஆம் ஆண்டில் அச்சட்டையை அணிந்து ஆடிய இங்கிலாந்து வீரர் ஆண்ட்ரூ பிளின்டாஃப் என்பவரை மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். ஓங்கிய உருவம், விரைவுப் பந்துவீச்சு, அடித்தால் எல்லைக்கு வெளியே. தம் உடல் பருமனைப் பத்திரிகைகள் கேலி செய்த இளமைக் காலத்தில் உண்டதை வாந்தியெடுக்கத் தொடங்கியதாகவும், பல்லாண்டுகள் அப்பழக்கத்தை மறைத்து வாழ்ந்ததாகவும் 2020இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அவரே கூறினார். பிரித்தானியாவின் துணைத் தலைமையமைச்சராக 1997 முதல் 2007 வரை இருந்த ஜான் பிரெஸ்காட் இரயில்வேத் தொழிலாளியின் மகன். கப்பலில் பணியாளராக உழைத்து உயர்ந்தவர். அவரும் புலிமியாவால் துன்புற்றதை 2008இல்தான் வெளியிட்டார். வெட்கமே அத்தனை ஆண்டுகள் அவர் வாயை அடைத்திருந்தது. மட்டையும் பதவியும் கையில் இருந்தோர்க்கே இந்நிலை என்றால், பதினைந்து வயதுப் பிள்ளை யாரிடம் சொல்வான்?

"பசித்தால் தானே தின்பான்; விட்டுவிடுங்கள்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இங்கே ஓர் அறிவியல் செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பா பட்டினியில் தவித்தது. பட்டினியால் வாடியோரை மீட்பது எப்படி என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 1944-45இல் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அதில் சேர்ந்தனர். உடலும் உள்ளமும் நலமாக இருந்தவர்கள் அவர்கள், அனைவரும் ஆண்கள். 24 வாரங்கள் உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோசு முதலியவற்றை அளவு குறைத்துத் தந்தனர். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

உள்ளத்தில் நேர்ந்த மாறுதலே நாம் கருத வேண்டியது. அவ்விளைஞர்கள் சோர்ந்தனர், சினந்தனர், நண்பர்களை விட்டு விலகினர். எப்போதும் உணவையே நினைத்தனர். சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். தட்டை நக்கினர். ஒரு வேளை உணவை நெடுநேரம் இழுத்து இழுத்து உண்டனர். தடை நீங்கியபின் சிலர் வயிறு வெடிக்குமளவு உண்டும் நிறைவு காணவில்லை. இவற்றுக்கெல்லாம் அவர்களுடைய குணம் காரணமன்று, பட்டினியே காரணம். பட்டினி மூளையையும் தின்கிறது. ஆகவே, சில திங்கள் உணவைக் குறைத்த பிள்ளை திடீரென்று அடுக்களையில் பானையோடு உண்டால், அதனைப் பேராசை என்று ஏசாதீர்கள். பட்டினி கிடந்த உடல் தன் பங்கைக் கேட்கிறது. அதனை அடுத்து வரும் குற்ற உணர்வே அவனை மீண்டும் பட்டினிக்குத் தள்ளுகிறது.

ஆண்பிள்ளைகளிடம் இந்நோய் வேறோர் உருவிலும் வரும். பெண்பிள்ளை மெலிய விரும்பினால், ஆண்பிள்ளை தசை திரண்டு முறுக்கேற விரும்புகிறான். நன்கு திரண்ட உடலைக் கண்ணாடியில் பார்த்தும் "நான் சோனியாக இருக்கிறேன்" என்று வருந்தும் உடற்கட்டு வீரர்களை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவர்தம் துணைவர்களும் 1993இல் விவரித்தனர். அந்நிலையைத் தலைகீழ் அனோரெக்சியா என்றே முதலில் அழைத்தனர். நம் தெருமுனை உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். உடற்பயிற்சி நன்று. ஒரு நாள் செல்லாவிட்டால் உறக்கம் வராமை, தாய் சமைத்த சோற்றைக் கண்டால் அச்சம், கூலிப் பணம் முழுவதையும் புரோட்டீன் மாவில் கொட்டுதல் ஆகியவை நன்றல்ல. மருத்துவர் எழுதித் தராமல் கைமாறி வரும் ஸ்டீராய்டு ஊசியோ நஞ்சு. அது விதையைச் சுருக்கும்; ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும்.

இனி, இந்நோய் நம் சமுதாயத்தில் ஏன் கூடுதலாக மறைந்து கிடக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். மூன்று காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, பிறர் பார்வை. நம் குடியிருப்புப் பிள்ளை மெலிந்தால், "பாவம், வீட்டில் சோறில்லை" என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. அதற்குமேல் யாரும் வினவுவதில்லை. தாயோ பழிக்கு அஞ்சி வாய் மூடிக்கொள்கிறாள்.

இரண்டாவது, நம் பார்வை. தலைமுறை தலைமுறையாகச் சோற்றுக்கு ஏங்கிய மக்கள் நாம். 1956இல் காமராசர் ஆட்சியில் பரவலான மதிய உணவும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வரத் துணை நின்றவை. சோற்றின் அருமை அறிந்த நமக்கு, அதனை ஒதுக்கும் பிள்ளையைக் கண்டால் சினமே முதலில் வருகிறது. "நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?" என்று கேட்கிறோம். அவனுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே அவன் மேலும் வெட்கி மேலும் மறைக்கிறான்.

மூன்றாவது, பட்டினியைப் பாராட்டும் பழக்கம். அண்ணல் அம்பேத்கர் 1920 முதல் 1923 வரை இலண்டனில் பயின்றபோது போதிய உணவின்றி நூலகத்தில் நாளெல்லாம் உழைத்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லவே வேண்டும். ஆனால் பசி அவர் மீது வறுமை சுமத்திய துன்பம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் நீரிழிவும் நரம்பு நோயும் அவரை வாட்டின. அவருடைய உழைப்பைப் பின்பற்றுவோம். அவர் பட்ட பசியை எந்தப் பிள்ளையும் பின்பற்ற வேண்டியதில்லை. முட்டையைப் பிறருக்குத் தந்த மாணவனைப் பாராட்டியபோது நாம் மறந்தது இதனையே.

தாய்மார்களே! சில அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். "பள்ளியில் உண்டேன்" என்று வீட்டிலும், "வீட்டில் உண்டேன்" என்று பள்ளியிலும் சொல்லுதல், சோற்றைப் பிசைந்து பிசைந்து ஒதுக்குதல், உண்டவுடன் கழிப்பறைக்கு விரைதல், காய்ச்சலிலும் ஓடச் செல்லுதல், வெயிலிலும் குளிர்கிறது என்று முழுக்கைச் சட்டை அணிதல், விரல் முட்டிகளில் காய்ப்பு, பல் தேய்வு, கன்னங்களின் ஓரம் வீக்கம், எந்நேரமும் எடை பார்த்தல், கூட்டாளிகளைத் தவிர்த்தல். இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் காலம் தாழ்த்த வேண்டாம். உடல் பருத்தே இருந்தாலும் நோய் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

ஏன் விரைய வேண்டும்? பட்டினியால் இதயத் துடிப்பு குறையும், எலும்பு நலியும், ஆண்மைச் சுரப்பு தாழும். அடிக்கடி வாந்தியெடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயம் திடீரென நின்றுவிடவும் கூடும். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு ஒரே நாளில் விருந்து படைப்பதும் ஆபத்து. உடலின் உப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே இடர் நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்ட வேண்டும்.

இந்நோய் தீரும். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் வளர்ந்த ஒரு முறையில் பெற்றோரே மருத்துவத்தின் நடுவில் நிற்கின்றனர். யார் குற்றம் என்று ஆராய்வதில்லை. பிள்ளைக்கு உணவைப் பரிமாறி, உடன் அமர்ந்து, பொறுமையோடு உண்ணச் செய்யும் பொறுப்பைக் குடும்பம் ஏற்கிறது. உடல் தேறத் தேற அப்பொறுப்பு பிள்ளையிடமே திரும்பத் தரப்படுகிறது. இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை, பொறுமை தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 14416 என்ற எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம். மனநலப் பிரிவுக்குச் செல்பவன் பித்தன் என்ற பேச்சை இன்றோடு விட்டொழிப்போம்.

நம் மாணவனின் செய்தியைக் கேட்க விரும்புவீர்கள். மூன்று வாரங்கள் மருத்துவமனையில் இருந்தான். பின்னர் ஓராண்டுக் காலம் மனநல மருத்துவரிடம் சென்று வந்தான். அவன் தாயார் வேலைக்குப் போகும் முன் அவனோடு அமர்ந்து உண்டார். பகலில் நாம் உண்டோம். நம் அறையில் அன்று. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையில், அதே சோறும் அதே முட்டையும். தொடக்கத்தில் அவன் முட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நாம் எதுவும் சொல்லாமல் நம் முட்டையை உண்போம். சில நாள்கள் அவன் உண்ணவில்லை. பல நாள்கள் பாதி உண்டான். பத்தாம் வகுப்பில் தேறி, இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்கிறான். நோய் முற்றும் அகன்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம். தேர்வுக் காலங்களில் அது தலைகாட்டுவதாக அவனே சொல்கிறான். மறைக்காமல் சொல்கிறான் என்பதே நமக்கு ஆறுதல்.

ஒரு நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். நாடகத்திற்காக அன்று, சிரித்ததற்காக. "நீங்க சிரிச்சது பரவாயில்லீங்க ஐயா. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா முட்டையைக் குடுத்ததுக்குக் கை தட்ட வச்சீங்க பாருங்க, அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல" என்றான். 29 ஆண்டு ஆசிரியப் பணியில் நாம் பெற்ற பாடங்களுள் இதனினும் கடினமானது வேறில்லை.

இறுதியாக, நம் கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். கழகம் நடத்தும் மாலை நேரக் கல்வி மையங்களில் எந்தப் பிள்ளையின் உடலையும் பற்றிப் பட்டப்பெயர் வழங்கலாகாது என்று விதி செய்க. திங்களுக்கு ஒரு முறையேனும் ஆசிரியரும் மாணவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்க. உண்ணாத பிள்ளையை அப்போது காணலாம். 14416 என்ற எண்ணை ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் பெரிதாக எழுதுக.

இளைஞர்களே! உங்கள் நண்பன் ஒருவன் உணவைக் கண்டு விலகினால் கேலி செய்யாதீர்கள், பாராட்டவும் செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து, "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது. நீங்கள் தவறாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னோம்.